டி.பி. ராஜலட்சுமி பற்றி பத்துப் பலகைக் கண்காட்சி: எது உறுதி, எது தவறாகச் சுற்றுகிறது, எப்படி அச்சடிப்பது?

தக்கலை_வாசகி:

நாகர்கோவிலில் எங்கள் வாசகர் வட்டத்தின் சார்பில் டி.பி. ராஜலட்சுமி வாழ்க்கையைப் பற்றி ஒரு சின்னக் கண்காட்சி தயாராகிறது. பத்துப் பலகை, ஒவ்வொன்றும் 2 அடிக்கு 3 அடி. "முதல் நாயகி, முதல் இயக்குநர்" என்று மாலை போட்டு முடிக்க விருப்பமில்லை. நடிகையாக இருந்தவர் முதலாளியாக, தயாரிப்பாளராக மாறும்போது அவர் கையில் உண்மையில் என்னென்ன வேலை வந்து சேர்ந்தது என்பதுதான் மையம். நாலு விஷயத்தில் உதவி வேண்டும்.

1. எந்தத் தகவலைத் தைரியமாகப் பலகையில் போடலாம்? இணையத்தில் எது தப்பாகச் சுற்றுகிறது?
2. 1930களில் ஒரு பேசும்படத்தைத் தயாரிப்பது என்றால் என்ன, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எப்படிக் காட்டுவது?
3. நம்ம மாவட்டத்தோடு இதை எங்கே இணைக்கலாம்?
4. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் சில கைக்கு வந்திருக்கின்றன. ஸ்கேன், அச்சு, பாதுகாப்பு எப்படி?

ஒரு குறிப்பில் "ஏஜெண்ட்" என்ற சொல்லும் வருகிறது. அந்தக் காலத்தில் அதற்கு என்ன பொருள் என்றும் சொல்லுங்கள்.

பாட்டுப்புத்தகம்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன் அக்கா.

தைரியமாகப் போடலாம்: 1911ல் திருவையாற்றில் பிறந்தார். சின்ன வயதிலேயே கல்யாணம், அது நிலைக்கவில்லை. திருச்சிக்கு வந்து சாமண்ணா நாடகக் குழுவில் சேர்ந்தார். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்' படத்தின் நாயகி. இயக்கம் எச்.எம். ரெட்டி, தயாரிப்பு அர்தேஷிர் இரானியின் இம்பீரியல், எடுத்தது பம்பாயில். அதைத் தமிழின் முதல் பேசும்படம் என்கிறோம், ஆனால் முழுக்கத் தமிழ் இல்லை. ராஜலட்சுமி தமிழ் பேச, நாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்வார். உள்ளே தியாகராஜர் கீர்த்தனைகளும் மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாட்டும் உண்டு. பலகையில் இதைச் சொல்லாமல் "முதல் தமிழ்ப் பேசும்படம்" என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும்.

1933ல் சாமிக்கண்ணு வின்சென்ட் தயாரித்த 'வள்ளி திருமணம்', இயக்கம் பி.வி. ராவ். ராவ் பெயரைக் குறித்து வையுங்கள், உங்கள் மூன்றாவது கேள்விக்குத் தேவைப்படும். 1936ல் 'மிஸ் கமலா'. தானே எழுதிய கதை, ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற சொந்த நிறுவனம், இயக்கமும் நாயகியும் அவரே. மறைந்தது 1964ல்.

இனி தப்பாகச் சுற்றுபவை. "இந்தியாவின் முதல் பெண் இயக்குநர்" என்று போட்டுவிடாதீர்கள். அது பாத்மா பேகம், 1926ல், அதுவும் சொந்த நிறுவனத்தில். "இந்தியாவின் இரண்டாவது" என்பதும் வேண்டாம். ஜத்தன்பாய் இயக்கிய படமும் அதே 1936ல் வந்திருக்கிறது. மாதக்கணக்கு பார்க்காமல் வரிசை எண் கொடுக்க முடியாது. "தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண்" என்பது போதும், அதுவே பெரிய விஷயம்.

பெயர்க் குழப்பம் அடுத்தது. டி.ஆர். ராஜகுமாரியும் நடிகையாக இருந்து தயாரிப்புக்கு வந்தவர், தியாகராய நகரில் தியேட்டர் கட்டியவர். ஆனால் அவர் ஒரு தலைமுறை பிந்தியவர், அவர் நிறுவனம் ஆர்.ஆர். பிக்சர்ஸ். எம்.வி. ராஜம்மாவும் தயாரிப்பாளர், அவர் வேறு. தேடுபொறி மூவர் படத்தையும் கலந்து கொடுக்கும்.

ஸ்டில் குழப்பம் இன்னும் மோசம். வள்ளி திருமணம் என்று தேடினால் 1945 'ஸ்ரீவள்ளி' ஸ்டில் வரும். ராஜலட்சுமி 1930களின் கடைசியில் எடுத்த 'மதுரை வீர'னைத் தேடினால் 1956 எம்.ஜி.ஆர். படம் வரும். காளிதாஸ் பிரதி இன்று இல்லை, மிஸ் கமலாவும் இல்லை. ஆகவே "படத்தின் காட்சி" என்று யாராவது தெளிவான படம் கொடுத்தால் முதலில் சந்தேகப்படுங்கள். கிடைக்கக்கூடியது விளம்பரம், பாட்டுப் புத்தக அட்டை, பத்திரிகைப் படம், அவ்வளவுதான். எங்கே அச்சான படம் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பலகையில் ஏற்றாமல் விடுவதே நல்லது.

கதையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி பாட்டுப் புத்தகம்தான் என்பதால் அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். கதைச் சுருக்கம் எழுதி, முடிவு வரும் இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திவிடுவார்கள். முடிவை நீங்களாக ஊகித்து எழுதக் கூடாது. இன்னொன்று, புத்தகம் படம் வெளிவரும் முன்பே அச்சாகிவிடும். அதில் இருக்கிற எல்லாப் பாட்டும் படத்தில் இருந்தது என்று அர்த்தமில்லை. "பாட்டுப் புத்தகத்தில் 30 பாட்டு" என்று எழுதலாம், "படத்தில் 30 பாட்டு" என்று எழுதக் கூடாது.

சுருள்_அடி:

இரண்டாவது கேள்வி. பிள்ளைகளுக்கு அடிக்கணக்கில் காட்டினால் உடனே புரியும்.

35 மி.மீ. சுருளில் ஒரு அடிக்கு 16 சட்டகம் (பிரேம்). பேசும்படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடும், ஆக நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று 11 நிமிடம். மௌனப் படம் 16 சட்டக வேகத்தில் ஓடினால் அதே ஆயிரம் அடி பதினாறரை நிமிடத்துக்கு மேல் வரும். அதாவது ஒலி வந்ததுமே அதே நேரப் படத்துக்கு ஒன்றரை மடங்கு பிலிம் தேவைப்பட்டது. தயாரிப்பாளர் தலையில் விழுந்த முதல் சுமை அது.

ஒரு மாதிரிக் கணக்கு பலகையில் போடுங்கள், மாதிரி என்று எழுதியே போடுங்கள். படம் 18,000 அடி என்று வைத்தால் 200 நிமிடம். அந்தக் காலத்துக்கு இது சாதாரண நீளம். ஒரு காட்சியைச் சராசரியாக மூன்று தடவை எடுத்தால் நெகடிவ் 54,000 அடி. ஒலியைத் தனிப் பிலிமில் பதிந்தால் அதற்கும் இன்னொரு 54,000. ஐந்து பிரதி எடுத்தால் பாசிட்டிவ் 90,000 அடி. மொத்தம் 1,98,000 அடி, கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற தூரத்துக்குச் சற்றுக் குறைவு. அத்தனையும் இறக்குமதி, காசைக் கையில் வைத்தால்தான் கிடைக்கும். போர்க்காலத்தில் படத்தின் நீளத்தை அரசே 11,000 அடிக்குக் கட்டுப்படுத்தியது ஏன் என்பதும் இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கிவிடும்.

இரண்டாவது சுமை இடம். 1934ல் ஏ. நாராயணன் ஸ்ரீநிவாசா சினிடோனைத் தொடங்கும் வரை சென்னையில் ஒலிப்பதிவோடு கூடிய ஸ்டூடியோ கிடையாது. நடிகர், பக்கவாத்தியம், சமையல் ஆள், துணிப்பெட்டி எல்லாம் ரயிலேறி பம்பாய், கல்கத்தா போக வேண்டும். ஸ்டூடியோ வாடகை நாள் கணக்கில் ஏறும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் மொத்தக் கூட்டத்துக்கும் சோறும் தங்குமிடமும் தயாரிப்பாளர் செலவு.

மூன்றாவது குரல். தமிழில் பின்னணிப் பாட்டு வந்தது 1938ல், 'நந்தகுமார்' படத்தில். அதுவரை நடிப்பவரே கேமரா முன்னால் பாட வேண்டும். ஆர்மோனியமும் தபலாவும் சட்டகத்துக்கு வெளியே அல்லது மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பாட்டின் கடைசி வரியில் தொண்டை அடைத்தால் முழுப் பாட்டும் திரும்ப, பிலிமும் திரும்ப. நாடக மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை பாடிப் பழகினவர்களைத் தேடித் தேடி எடுத்ததற்குக் காரணம் அதுதான். ராஜலட்சுமியின் பலம் அங்கே இருந்தது.

இனி பணம் திரும்பும் வழி. படத்தைத் தயாரிப்பாளர் மூன்று விதமாகக் கொடுக்கலாம். ஒரு பகுதியின் உரிமையை ஒரே தொகைக்கு விற்றுவிடுவது ஒன்று. குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டி வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் வசூலானால் பங்கு கேட்பது இன்னொன்று. முழுக்க சதவீதக் கணக்கில் கொடுப்பது மூன்றாவது. அவசரக் கடன் இருப்பவர் முதல் வழியில்தான் போவார். படம் நூறு நாள் ஓடினாலும் பிறகு ஒரு சல்லி கிடைக்காது. சதவீதத்தில் கொடுத்தால் ஊர் ஊராகக் கொட்டகைக் கணக்கைச் சரிபார்க்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் வந்த கணக்கை நம்ப வேண்டியதுதான்.

நடிகையே தயாரிப்பாளர் ஆகும்போது இன்னொரு நஷ்டம் உண்டு, யாரும் எழுதுவதில்லை. தன் சம்பளம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் சொந்தப் படத்தில் மாதக்கணக்கில் சிக்கியிருக்கும்போது வெளிப்படம் ஒப்புக்கொள்ள முடியாது. வருமானம் நின்றுவிடும், வட்டி நிற்காது. இதற்கு ஒரு முழுப் பலகை கொடுங்கள், ராஜலட்சுமியின் துணிச்சலின் அளவு அங்கேதான் தெரியும்.

ஏஜெண்ட்: ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான கம்பெனி கிடையாது. வள்ளி ஒரு ஊரிலிருந்து, முருகன் வேறு ஊரிலிருந்து, நாரதர் மூன்றாவது ஊரிலிருந்து வந்து அன்றிரவு ஒரே மேடையில் சேர்வார்கள். எல்லோருக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகப் பாடம் மனப்பாடம் என்பதால் ஒத்திகை வேண்டாம். இவர்களைப் பேசி அச்சாரம் கொடுத்து, தேதி மோதாமல் பார்த்து, ஊர்க்காரர்களுக்கும் நடிகருக்கும் நடுவில் நிற்பவர் ஏஜெண்ட். தேதி, அச்சாரம், பயணம், சாப்பாடு, மாற்று ஆள், இந்த ஐந்தும்தான் தயாரிப்பு நிர்வாகத்தின் அடிப்படை. நாடகத்திலிருந்து வந்த நடிகைகள் இதைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர்கள். படவுலகில் ஏஜெண்ட் என்றால் பெரும்பாலும் விநியோக ஏஜெண்ட், சுருள் பெட்டியை ஊர் ஊராக அனுப்புபவர். உங்கள் குறிப்பில் எது என்று சூழலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தக்கலை_வாசகி:

நன்றி அண்ணாச்சி. 60 கிலோமீட்டர் கணக்கை நடுப்பலகையில் வரைபடமாகவே போட்டுவிடலாம். குமரி மாவட்டப் பகுதிக்கு யாராவது சொல்லுங்களேன். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அதற்கு மேல்?

ஒழுகினசேரி:

மூன்று இணைப்பு இருக்கிறது.

முதலாவது பி.வி. ராவ். ராஜலட்சுமியை வைத்து வள்ளி திருமணம் எடுத்த அதே 1933ல் அவர் இயக்கிய மௌனப் படம் 'மார்த்தாண்ட வர்மா', சி.வி. ராமன் பிள்ளை நாவல். தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ், டேனியலின் உறவினர். நாவலின் பதிப்பாளரிடம் உரிமை முறையாக வாங்காததால் வழக்கு வந்து படம் முடங்கியது. அப்படி முடங்கிக் கிடந்ததால்தான் அதன் பிரதி தப்பி, 1974ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போனது. ஓடித் தேய்ந்த காளிதாஸ் இல்லை, ஓடாத மார்த்தாண்ட வர்மா இருக்கிறது. பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கு உரிமைப் பத்திரம் என்றால் என்ன என்பதும் அங்கேயே புரியும்.

இரண்டாவது பி.கே. ரோசி. டேனியலின் 'விகதகுமாரன்' நாயகி. தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகவே கலவரம் செய்து திருவனந்தபுரத்திலிருந்து விரட்டினார்கள். பிற்காலத்தில் ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்தார். ராஜலட்சுமிக்கு 'சினிமா ராணி' பட்டம் கிடைத்த அதே காலகட்டத்தில், நமக்கு அடுத்த திருவனந்தபுரத்தில் ஒரு நடிகைக்கு இரண்டாவது படமே இல்லாமல் போனது. இதைச் சொல்லாமல் நம்மூரில் இந்தக் கண்காட்சியை வைக்கவே கூடாது என்பது என் கருத்து. கவனம்: ரோசி படம் என்று சுற்றுகிற புகைப்படம் உறுதிப்படாதது. வெற்றுச் சட்டகம் வைத்துப் பெயரை மட்டும் எழுதுங்கள். படம் திரையிட்ட ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் இரு விதமாகச் சொல்கிறார்கள், இரண்டையும் போடுங்கள்.

மூன்றாவது நகைச்சுவை நடிகை டி.ஏ. மதுரம். ஊர் திருவரங்கம், ஆனால் ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைக் கட்டியதால் நம்ம ஊர் மருமகள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் 1944 கடைசியிலிருந்து 1947 வரை சிறையில் இருந்தபோது, எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடக சபையை நடத்தியவர் அவர். அந்தச் சபையில் போட்ட 'பைத்தியக்காரன்' 1947ல் என்.எஸ்.கே. பிலிம்ஸ் படமாக வந்தது, விடுதலையான கலைவாணரும் அதில் தோன்றினார். மேடையில் சிரிக்க வைத்துக்கொண்டே பின்னால் வழக்குச் செலவும் குழுவின் சம்பளமும் பார்த்தவர். நடிகை முதலாளி ஆனதற்கு நம் மாவட்டத்தின் சொந்தச் சாட்சி அவர்தான், ஒரு பலகை முழுக்கக் கொடுங்கள்.

ஆவணம் தேடுவதில் ஒரு பொதுவான தவறு. நாகர்கோவிலில் அந்தக் காலத்தில் ஓடிய படங்களைச் சென்னையில் தேடிக்கொண்டிருப்பார்கள். 1949 வரை இது திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. உரிமம், வரி, போலீஸ் கோப்பு எல்லாம் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில்தான் தேட வேண்டும். சென்னை மாகாணத் தணிக்கைச் சான்று வேறு கணக்கு. அதில் படத்தின் நீளம் அடியில் இருக்கும், அதை 90ஆல் வகுத்தால் நிமிடம் வந்துவிடும். பாட்டுப் புத்தகம், பழைய பத்திரிகை பார்க்க சென்னை தரமணி ரோஜா முத்தையா நூலகம். போகும் முன்னால் படப் பெயர், ஆண்டு எழுதி அனுப்பிவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம்.

தேதியும் காசும் ஏமாற்றும். நம் பக்கத்து நோட்டீசில் மலையாள வருஷமான கொல்லம் ஆண்டு இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, சிங்கம் ஒன்று (நம் ஆவணி) முதல் டிசம்பர் 31 வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. எல்லா மாதத்துக்கும் 825 கூட்டினால் வருஷம் ஒன்று பிசகும். சீட்டு விலை திருவிதாங்கூர் காசான சக்கரத்தில் இருந்தால் அணாவாக நினைத்துவிடாதீர்கள். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. ஒரு சக்கரம் அரையணாவுக்குச் சற்று மேல்.

அச்சு_வடசேரி:

நாலாவது கேள்வி.

பாட்டுப் புத்தகத்தை முதலில் பிரிக்காதீர்கள். நடுவில் இருக்கும் கம்பி நம் ஈரக்காற்றில் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கும். இழுத்தால் தாளோடு வரும். பின்பக்கம் கம்பிக் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தாள் மடக்கினால் உடைகிற நிலையில் இருந்தால் அந்த வேலையே வேண்டாம். புத்தகத்தைப் பாதி திறந்து வைத்து மேலிருந்து கேமராவில் எடுங்கள்.

செல்லோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது இரண்டும் கூடவே கூடாது. டேப்பின் பசை சில வருஷத்தில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கும். லேமினேஷன் சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே அமிலத் தாள் தானாக மக்கிக்கொண்டே இருக்கும். கண்காட்சியில் நகலை வையுங்கள், மூலத்தைக் காட்டாதீர்கள்.

ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கலரில், டிஃப் கோப்பாக. கறுப்பு வெள்ளைத் தாள்தானே என்று கிரேயில் எடுத்தால் கறைக்கும் மைக்கும் வித்தியாசம் போய்விடும். கணக்கு இப்படி: 5 அங்குல அகல அட்டை 600ல் 3,000 புள்ளி. அச்சுக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி போதும், ஆக 20 அங்குலம் வரை பெரிதாக்கலாம். உங்கள் பலகை 24 அங்குலம், சுற்றிலும் இரண்டங்குலம் விட்டால் சரியாக உட்காரும். வாட்ஸ்அப்பில் வந்த ஆயிரம் புள்ளிப் படத்தை அதே அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 50 புள்ளிதான், முகம் கட்டம் கட்டமாக உடையும். கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய பத்திரிகைப் படம் புள்ளிகளால் அச்சானது. அப்படியே ஸ்கேன் செய்தால் பட்டுப்புடவை மாதிரி அலை விழும். ஸ்கேனரில் டிஸ்கிரீன் போடுங்கள், இல்லாவிட்டால் தாளைச் சில பாகை சாய்த்து ஸ்கேன் செய்து, பிறகு கணினியில் நிமிர்த்துங்கள்.

தமிழ் எழுத்து: யூனிகோடில் அடித்த கோப்பை அப்படியே கொடுத்தால் சில அச்சகங்களின் பழைய மென்பொருளில் கொம்பு தனி, எழுத்து தனி, கால் தனியாக நிற்கும். 'கொ', 'கோ', 'கௌ' மூன்றையும் முதலில் பாருங்கள். எழுத்தை கர்வ் (கோட்டுருவம்) ஆக்கிய பிடிஎஃப் கொடுத்தால் பிரச்சினை இல்லை. ஆனால் பிறகு பிழை திருத்த முடியாது, அதனால் கர்வ் ஆக்காத மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பலகைக்கு 5 மி.மீ. சன்போர்டில் மேட் வினைல். பளபளப்பு வேண்டாம், குழல் விளக்கு முகத்தில் அடிக்கும். ஒரு பலகைக்கு 120 முதல் 150 சொல், பத்தி எழுத்து 32 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. பலகையின் நடு தரையிலிருந்து நாலே முக்கால் அடியில் வரட்டும், பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வந்தால் நாலேகால். சன்போர்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் இரண்டு நாளில் வளையும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு இடத்தில் பிடிக்க வேண்டும்.

தேதியையும் யோசியுங்கள். ஜூனிலிருந்து ஒரு மழை, அக்டோபரிலிருந்து இன்னொரு மழை என்று நமக்கு இரண்டு பருவமும் உண்டு. ஜனவரி, பிப்ரவரி நல்லது. மூலத் தாள்களை அமிலமில்லாத உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில், சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்ப வைக்க வேண்டும், போட்டு மறந்துவிட்டால் அதுவே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட பழைய போட்டோவைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள்.

உரிமை பற்றி ஒரு வரி. 1936ல் வெளியான படத்துக்கும் அப்போதே அச்சான ஸ்டில்லுக்கும் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. பாட்டு வரிகள் வேறு, எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆக வேண்டும். பாஸ்கரதாஸ் 1952ல் மறைந்தார், அவர் வரிகளைப் போடலாம். மற்றவர்களுடையதை ஆள் பார்த்துப் போடுங்கள்.

தக்கலை_வாசகி:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாச்சு. இன்னும் இரண்டு கேள்வி. ஒரு நாடக நோட்டீசில் "1111 மாசி 10" என்று இருக்கிறது. அப்புறம், பழைய கொட்டகைச் சாமான்களோடு ஒரு தகர டப்பாவில் பிலிம் சுருளும் தரலாம் என்கிறார்கள். காட்சிக்கு வைக்கலாமா?

சுருள்_அடி:

டப்பாவை வாங்கி அறைக்குள் வைக்காதீர்கள் அக்கா, திறக்கவும் வேண்டாம். 1950களின் தொடக்கத்துக்கு முந்திய 35 மி.மீ. சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். மக்கிய நைட்ரேட் வெயில் சூட்டிலேயே பற்றக் கூடியது. எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே விடுவதால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது, புகையும் நச்சு. ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிருந்தால் அசிடேட். அதில் காடி வாசனை வந்தால் மக்குகிறது, ஆனால் எளிதில் தீப்பிடிக்காது. அந்த எழுத்தைப் பார்ப்பதற்காக நீங்கள் சுருளைப் பிரிக்கக் கூடாது. பழுப்புப் பொடி, தேன் மாதிரிப் பிசின், ஒட்டிப்போன சுற்று, இதில் எது தெரிந்தாலும் தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால் டப்பாவை இருக்கும் இடத்திலேயே நிழலில், மற்ற சாமானிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி, வெளிப்பக்க லேபிளைப் படமெடுத்து புனே ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துப் போகக் கூடாது. காட்சிக்கு வெறும் டப்பா போதும்.

ஒழுகினசேரி:

மாசி ஜனவரிக்குப் பிறகு வருவதால் 825 கூட்டுங்கள்: 1936, பிப்ரவரி பிற்பகுதி. மிஸ் கமலா வந்த அதே வருஷம். நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். நகலெடுக்கும்போது அந்த வரி வெட்டுப்படாமல் பாருங்கள், எந்த ஊர் நோட்டீஸ் என்று உறுதிசெய்ய அதுதான் உதவும்.